கை காட்டினால் நிறுத்த வேண்டும்

அந்த ஜன்னலை மூட வேண்டாம் மேடம், அப்படியே இருக்கட்டும். இந்த நேரத்து வெளிச்சம் பக்கவாட்டில் மெதுவாக விழும். யார் முகத்தையும் நல்ல முகமாகக் காட்டிவிடும். உங்கள் முகத்துக்கும் நன்றாகத்தான் இருக்கிறது. நான் ஸ்டேஷனுக்கு வந்ததிலிருந்து என்னிடம் மரியாதையாகத்தான் பேசுகிறீர்கள். டீ கொடுத்தீர்கள். "அது விபத்துன்னு எழுதி முடிச்சாச்சேம்மா, நீ எதுக்கு வந்து உக்காந்திருக்க" என்று கேட்டீர்கள். அந்த மரியாதைக்காகவாவது முதலிலிருந்து ஒழுங்காகச் சொல்கிறேன்.

போட்டோ எடுப்பவளைப் பார்த்தால் எல்லோரும் ஒரே கேள்விதான் கேட்பார்கள்: உனக்கு யாரைப் பார்த்து இந்த ஆசை வந்தது? எனக்கு ஒரு புத்தகத்தைப் பார்த்து வந்தது. கல்லூரி நூலகத்தில் யாரும் எடுக்காத தடிப் புத்தகம். ஊரை வம்புக்கு இழுப்பதையே தொழிலாக வைத்திருந்த கலைஞர்களின் படங்கள். நாற்சந்தியில் கட்டில் போட்டுப் படுத்துத் தூங்கிய ஒரு கிழவி. பட்டச் சான்றிதழைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வங்கி வாசலில் பிச்சை கேட்ட ஒருவன். நான் கெமிஸ்ட்ரி படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். பாடப் புத்தகத்தைப் பிரிக்காமல் அதையே புரட்டிக்கொண்டிருப்பேன். கிழவி தூங்கினாள், சரி. அவள் தூங்குவதை விழித்துக்கொண்டு நின்று எடுத்தது யார் என்று தேடினேன். ஓரத்தில் எறும்பு ஊர்ந்த மாதிரி ஒரு பெயர் இருந்தது. பல படங்களில் அதுவும் இல்லை. அப்போதே எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் கேமராவைத்தான் எடுத்தேன். நடுரோட்டில் படுத்துத் தூங்குகிற துணிச்சல் எங்கள் வீட்டுப் பெண்களுக்குக் கிடையாது. படுத்துவிட்டால் எங்களைத் திருப்பித் தூக்கிவிட ஆள் இல்லை.

மொட்டையை உங்களுக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் போய் அவள் சொன்னதை எழுதிக்கொண்டு வந்திருக்கிறீர்கள். தலையை மழித்துக்கொண்டு அலைந்ததால் நாங்கள் வைத்த பெயர். அவளே அதைத்தான் போஸ்டரில் போடுவாள். அப்பா டாக்டர், அம்மாவும் டாக்டர். இரண்டு டாக்டர்கள் சேர்ந்து வளர்த்தால் ஒரு பெண் இவ்வளவு தைரியமாக வருவாள் போல. அந்தத் தடிப் புத்தகத்திலிருந்து எழுந்து வந்தவள் மாதிரி இருந்தாள். அவளைப் பார்த்த அன்றே இனிமேல் இவளைத்தான் எடுக்க வேண்டும் என்று முடிவு செய்துவிட்டேன். சும்மா சொல்லக் கூடாது, அவள் எங்கே நின்றாலும் படம் தானாக வந்து விழும்.

எங்களுக்குள் ஒரு விதி உண்டு. அதை நீங்கள் கவனமாகக் கேட்க வேண்டும், மற்றதெல்லாம் அதிலிருந்துதான் வருகிறது. அவள் நிகழ்ச்சி என்றாலே கத்தல்தான். அருங்காட்சியகத் தூணில் தன்னைக் கட்டிக்கொண்டு "அவுத்து விடுங்க, வலிக்குது, செத்துருவேன்" என்று அலறுவாள். பாவப்பட்டு யாராவது அவிழ்க்க வந்தால் "உன்னை யாருய்யா கூப்பிட்டது, நேத்து உன் வீட்டுல ஒருத்தி கத்தினப்ப எங்க போன" என்று அவர் மானத்தை வாங்கிவிடுவாள். ஆக, அவள் வாயிலிருந்து வருவது எதையும் நம்பக் கூடாது. உண்மையிலேயே நிறுத்த வேண்டும் என்றால் இடது கையை விரித்துக் காட்டுவாள். அதுவரை கையை மூடியே வைத்திருப்பாள். கையைப் பார்க்க வேண்டியது நான். வாய் பொய், கை நிஜம். அவ்வளவுதான் விதி.

ஒருமுறை அது நடந்தது. மழை வந்து கயிறு நனைந்து நெஞ்சை இறுக்கிவிட்டது. கை விரிந்தது. நான் கேமராவைக் கீழே போட்டுவிட்டு ஓடிப்போய்க் கத்தரியால் அறுத்தேன். லென்ஸ் உடைந்தது. அன்றைக்கு எல்லோரிடமும் "இவ கண்ணுதான்பா என் உசிரு" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து படுத்த பிறகுதான் வேறொன்று உறைத்தது. அவள் முகத்தில் நடிப்பு இல்லாமல் இருந்தது அந்த ஒரு நொடிதான். அந்த நொடியில் என் கேமரா தண்ணீரில் கிடந்தது. அதன் பிறகு நான் எடுத்த அத்தனை படங்களிலும் எடுக்காத அந்தப் படம்தான் எனக்குத் தெரிந்தது.

இப்போது அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அம்மா ஹோட்டல் படுக்கை விரிப்புகளைத் துவைத்துத் தேய்க்கிற லாண்டரியில் இருக்கிறாள். ஸ்டீம் பிரஸ்ஸில் நிற்கிற வேலை. நான் கல்லூரியில் சேர்ந்த வருஷம் இரண்டு ஷிஃப்ட் பார்த்தாள். தூக்கக் கலக்கத்தில் பிரஸ்ஸுக்குள் கையை விட்டுவிட்டாள். அன்றைக்கு ஒரு கை, அதற்கு முன்பே சின்னச் சின்னதாக இன்னொரு கை. இப்போது இரண்டும் மெழுகு பூசியது போலப் பளபளவென்று இருக்கும். ரேகை கிடையாது. கொதிக்கிற பாத்திரத்தைத் துணி இல்லாமல் இறக்குவாள். என் பட்டம் அந்தக் கையிலிருந்து வந்தது. வேறெங்கிருந்தும் வரவில்லை.

அந்தக் கைகளை நான் படமெடுத்துக்கொண்டே இருந்தேன். மற்றது பிழைப்பு, இதுதான் என் வேலை. பீங்கானைத் துடைக்கிற கை, பஸ் கம்பியைப் பிடித்த கை, தூங்கும்போது தானாக மடிகிற கை. "என் கையை எதுக்குடி எடுக்கிற, மூஞ்சி நல்லா இருக்கிறப்பவே அதை எடு, அப்புறம் அதுவும் போயிரும்" என்பாள். கேலரிக்காரரிடம் கொண்டுபோனேன். நிதானமாகப் பார்த்தார். "கை நல்லா இருக்கும்மா. ஆனா இதுல ஒண்ணும் நடக்கலையே" என்றார். வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் நின்றபோது, நடக்க வேண்டியதெல்லாம் அந்தக் கையில் நடந்து முடிந்துவிட்டதுதானய்யா என்று சொல்லியிருக்க வேண்டும் எனத் தோன்றியது. எனக்கு எப்போதும் பதில் பஸ் நிறுத்தத்தில்தான் வரும்.

மொட்டை எங்கள் வீட்டுக்கு வருவாள். முதலில் அம்மாவை ஆன்ட்டி என்றாள். பிறகு அம்மா என்றாள். அதற்கு யாரும் அனுமதி கேட்கவில்லை. தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, "அம்மா, இவ்ளோ நாளா எங்கம்மா இருந்தீங்க" என்று ஏதாவது சொல்லி அம்மாவைச் சிரிக்க வைப்பாள். அம்மா அவளை "தங்கம்" என்பாள். என்னை அம்மா தங்கம் என்று கூப்பிட்டதில்லை. என்னைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவாள், அதுவும் பாதிப் பெயர். இதை ஒரு குறையாகச் சொல்லவில்லை. கேட்டதைச் சொல்கிறேன்.

ஒருநாள் அவள் என் அறைச் சுவரில் இருந்த கைப் படங்களைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். அழுதாள்கூட. திரும்பி, "இதை நான் பண்ணணும்டி" என்றாள்.

"இது பண்ணியாச்சு. நான்தான் பண்ணேன்" என்றேன்.

"நீ எடுத்திருக்க. நான் பண்ணணும். உடம்பால."

அவள் திட்டம் இது. லாண்டரித் தொட்டி ஒன்றில் பிளாஸ்டர் மாவைக் கரைத்து ஊற்றி, மணிக்கட்டு வரை இரண்டு கைகளையும் உள்ளே விட்டுக்கொண்டு, அது இறுகும்வரை கூட்டத்துக்கு முன்னால் உட்கார்ந்திருப்பது. பிரஸ் பிடித்தபோது அம்மா கத்தியதையெல்லாம் அவள் கத்துவாள். கடைசியில் சுத்தியலால் உடைத்துக் கையை எடுப்பார்கள். உள்ளே கையின் அச்சு இருக்கும். அதுதான் சிற்பம். கேலரிக்காரர் துள்ளிக் குதித்தார். பெரிய ஹால் கொடுத்தார். என் படங்களையும் மாட்டலாம் என்றார், பெருந்தன்மையாக. டாய்லெட் போகிற வழியில், இடைகழியில்.

அம்மா இதற்குச் சம்மதிக்க மாட்டாள் என்றுதான் நினைத்தேன். அம்மா பழைய தொட்டி ஒன்றை லாண்டரியில் கேட்டு வாங்கி, தேய்த்துக் கழுவி, தானே கொண்டுவந்து கொடுத்தாள். பக்கத்து வீட்டில் எல்லாம் சொன்னாள். "என் கையைப் பாத்துதான் அந்தப் பொண்ணுக்கு இந்த யோசனையே வந்துச்சாம்."

"நான் எத்தனை வருஷமா பாக்கறேன்மா" என்றேன்.

"நீ போட்டோதானடி எடுத்த" என்றாள் அம்மா.

அம்மா அதைக் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. யாருமே என்னிடம் எதையும் கெட்ட எண்ணத்தில் சொன்னதில்லை.

ஒத்திகை தொட்டி மட்டும் வைத்து நடந்தது, பிளாஸ்டர் இல்லாமல். மொட்டை கேலரி ஆட்களை நிற்க வைத்து விளக்கினாள். "நான் கத்துவேன், அழுவேன், கெட்ட வார்த்தை பேசுவேன். ஒருத்தரும் கிட்ட வரக் கூடாது. நெசமாவே நிறுத்தணும்னா இவளுக்குக் கை காட்டுவேன். இவ சொன்னாதான் நிறுத்தணும்." எல்லோரும் தலையாட்டினார்கள். கேலரிக்காரர் என்னைப் பார்த்து, "எல்லாம் உன் கண்ணுலதாம்மா இருக்கு" என்றார்.

கவனித்தீர்களா மேடம். நீங்கள் கவனித்துவிட்டீர்கள், பேனா நின்றுவிட்டது. அங்கே அத்தனை பேரில் ஒருவரும் கவனிக்கவில்லை. கை தொட்டிக்குள் இருக்கப் போகிறது. இறுகின பிளாஸ்டருக்குள் எந்தக் கையை விரிப்பாள். அவளுக்கு அந்த விதி அவ்வளவு பழகிப்போயிருந்தது, மூச்சு விடுவது மாதிரி. யாராவது சிரிப்பார்கள், "ஏ லூசு, கை உள்ளல்ல இருக்கும்" என்பார்கள் என்று நான் காத்திருந்தேன். உண்மையாகவே காத்திருந்தேன். காபி குடிக்கப் போய்விட்டார்கள்.

இதை நான் எல்லோரையும் போல நிகழ்ச்சி அன்றைக்குத்தான் கவனித்தேன் என்று உங்களிடம் முன்பு எழுதிக் கொடுத்திருக்கிறேன். அதைத் திருத்திக்கொள்ளுங்கள். அவள் என் அறையில் நின்று திட்டத்தைச் சொன்ன அன்றே எனக்குத் தெரிந்தது. படம் எடுப்பவளுக்கு முதலில் கண்ணில் படுவது எது தெரியும், எது மறையும் என்பதுதான்.

இன்னொன்று. பிளாஸ்டர் இறுகும்போது சூடாகும். கை உடைந்தால் மாவுக்கட்டுப் போடுகிறார்களே, அது மெல்லிசு, வெதுவெதுப்போடு போய்விடும். ஒரு தொட்டி நிறையக் கெட்டியாக ஊற்றினால் சூடு வெளியே போக வழி இருக்காது. இதற்குப் பட்டம் தேவையில்லை, பிளாஸ்டர் விற்ற கடைக்காரரே "கையை விட்டுராதீங்கம்மா" என்று சொல்லித்தான் மூட்டையைக் கொடுத்தார். மொட்டை, "கெமிஸ்ட்ரி நீ பாத்துக்கோடி" என்று என்னிடம் விட்டுவிட்டாள். ஒருமுறை மட்டும் கேட்டாள்.

"சூடாகுமா?"

"வெதுவெதுன்னு இருக்கும். நல்லாத்தான் இருக்கும்" என்றேன்.

அவள் என் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனாள். அவள் என்னை மறுபடி கேட்கவே இல்லை. என்னை அவ்வளவு நம்பினாள். அந்த நம்பிக்கையும் எனக்கு எரிச்சலாக இருந்தது. என்னைக் கண்டு பயப்பட வேண்டிய அவசியம் தனக்கு வரும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. வேலைக்காரர்களை நம்புகிற வீடுகளில் இப்படித்தான் நம்புவார்கள்.

நிகழ்ச்சி நாளைப் பற்றி நிறையப் பேர் உங்களிடம் சொல்லியிருப்பார்கள். ஹால் நிறைந்திருந்தது. அம்மா முன்வரிசையில் இருந்தாள், மடிப்பு நிற்கத் தேய்த்த உடுப்பில். மொட்டை கையை உள்ளே விட்டாள், கூட்டத்தைப் பார்த்துக் கண்ணடித்தாள். கத்தத் தொடங்கினாள். அம்மாவின் வார்த்தைகள் அவள் வாயில் நன்றாகத்தான் பொருந்தின. எனக்கு வேண்டிய வெளிச்சத்தை நான் முன்னாலேயே வைத்திருந்தேன், பக்கவாட்டில், இந்த ஜன்னல் மாதிரி.

சற்று நேரத்தில் கத்தல் மாறியது. எல்லோருக்கும் அது இன்னும் நன்றாகச் செய்வது போல இருந்தது. எனக்குப் பின்னால் ஒருவர், "என்னமா உள்ள போயிட்டா பாரு" என்றார். மொட்டை என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். விதிப்படி வாய் பொய். நான் கேமராவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

அம்மாதான் எழுந்தாள். வெந்த கையின் சத்தம் அவளுக்குத் தெரியும். ஓடினாள். கேலரி ஆட்கள் பிடித்துக்கொண்டார்கள். "நடிப்பும்மா, நடிப்பு, உக்காருங்க." அம்மா திமிறிக்கொண்டே என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"நிறுத்துடி. நெசமா வேகுதுடி."

"கை காட்டலையேம்மா" என்றேன்.

அம்மா என் முகத்தில் எதைப் பார்த்தாள் என்று தெரியாது. பிடித்திருந்தவனைக் கடித்துவிட்டு, மேஜையில் கிடந்த சுத்தியலை எடுத்துத் தொட்டியை அடிக்க ஆரம்பித்தாள். அந்த நேரத்தில் மொட்டையின் முகம் முழுக்கத் திறந்துவிட்டது. துளி நடிப்பு இல்லை. அப்போது எடுத்ததுதான் நீங்கள் எல்லாப் பத்திரிகையிலும் பார்த்த படம். ஃபோகஸ் கச்சிதமாக இருக்கும், கவனித்துப் பாருங்கள். என் கை நடுங்கவே இல்லை.

வலது கையில் கட்டை விரல் மட்டும் மிஞ்சியது. இடது கையில் அதுவும் இல்லை. தொட்டிக்குள் அச்சு அருமையாக விழுந்திருந்ததாம், பத்து விரலும். கேலரிக்காரர் அதைப் பத்திரமாக வைத்திருக்கிறார்.

இனி நான் ஏன் வந்தேன் என்பது. நீங்கள் மூட்டையைப் பரிசோதனைக்கு அனுப்பினீர்கள். சாதாரண பிளாஸ்டர் என்று வந்தது, அது சாதாரண பிளாஸ்டர்தான். தண்ணீரைப் பற்றி யாரும் கேட்கவில்லை. கரைப்பதற்குக் குழாயில் வெந்நீர் வருகிற பக்கத்தைத் திருப்பினேன். சீக்கிரம் இறுகட்டும், இன்னும் சூடாகட்டும் என்று. மூட்டையில் சொல்லியிருந்ததைவிடக் கெட்டியாகக் கரைத்தேன். தெரிந்து செய்தேன். அம்மாவின் கை வெந்து எனக்கு வாங்கிக் கொடுத்த கெமிஸ்ட்ரி அது. அதை எழுதிக்கொள்ளுங்கள்.

ஆனால் பத்திரிகையில் என்ன எழுதியிருக்கிறார்கள் பாருங்கள். 'துணிச்சலின் விலை' என்று அவள் பெயரை எட்டுப் பத்தித் தலைப்பில் போட்டு, என் படத்தைக் கீழே போட்டு, ஓரத்தில் 'கேலரி வழங்கிய படம்' என்று போட்டிருக்கிறார்கள். எறும்பு அளவுக்குக்கூட நான் இல்லை. மொட்டை உங்களிடமே சிரித்துக்கொண்டு சொன்னாளாம், "என் முட்டாத்தனம் மேடம், கையை உள்ள வெச்சுட்டு கை காட்டறேன்னு சொன்னவ நான்தானே. அவ மேல ஒரு தப்பும் இல்ல." பெருந்தன்மை அவர்கள் வீட்டு வழக்கம். அந்தத் தப்பைக் கண்டுபிடித்தது நான். பொத்திப் பொத்தி வைத்திருந்தது நான். தப்பைக்கூட அவள் பெயரில் எழுதிவிட்டீர்கள். அதைத் திருப்பிக் கேட்கத்தான் வந்தேன். நியாயமாக இருக்கிறதா இல்லையா சொல்லுங்கள்.

பொறாமையா என்று கேட்கப் போகிறீர்கள். இல்லை. பொறாமை என்றால் அவளிடம் இருப்பது எனக்கு வேண்டும் என்று இருக்க வேண்டும். அவளிடம் இப்போது என்ன இருக்கிறது.

அம்மா தினமும் வேலை முடிந்ததும் நேராக ஆஸ்பத்திரிக்குத்தான் போகிறாள். ஒருநாள் நானும் பின்னாலேயே போனேன். கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அம்மா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து ஸ்பூனால் சூப் கொடுத்துக்கொண்டிருந்தாள். சூடு பார்க்கத் தன் கையில் ஊற்றிப் பார்ப்பாள், கைக்குத்தான் சூடு தெரியாதே, உடனே உதட்டில் வைத்துப் பார்ப்பாள். "ஆ காட்டு தங்கம்" என்றாள். மொட்டை வாயைத் திறந்தாள். அம்மாவின் கை அவள் முகத்துக்கு அவ்வளவு பக்கத்தில் இருந்தது. நல்ல வெளிச்சம். கேமரா எடுத்துப் போகவில்லை. வீட்டுக்கு வந்தால் காலையிலேயே எனக்குத் தட்டில் போட்டு மூடி வைத்திருந்தாள், ஆறிப்போயிருந்தது. எடுத்துச் சாப்பிட எனக்குக் கை இருக்கிறதே.

இது எல்லாம் என் வாக்குமூலம்தான், எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஒன்றே ஒன்று. நாளைக்கு நீங்கள் அம்மாவை இங்கே அழைப்பீர்கள். அவள் வருவாள், என்னைத் திட்டவாவது வருவாள். அந்த நேரத்தில் எனக்கு விலங்கு போட்டுவிடுங்கள் மேடம், இரண்டு கையையும் பின்னால் வைத்து இறுக்கமாக. அப்போது என்னால் எடுத்துச் சாப்பிட முடியாது. யாராவது ஊட்டித்தானே ஆக வேண்டும்.